மீண்டும் வருக என்று அச்சடித்த ஆஸ்பத்திரி

போன மாதம் உங்கள் அலுவலகத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தீர்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் எழுந்து, "மேடம், நீங்க பயோமெடிக்கல் இன்ஃபர்மேட்டிக்ஸ் எங்க படிச்சீங்க?" என்று கேட்டாள். பாத்திரக் கடை மாடியில் என்று சொன்னேன். எல்லோரும் சிரித்துக் கைதட்டினீர்கள். நான் வேடிக்கைக்குச் சொன்னதாக நினைத்துவிட்டீர்கள் போலிருக்கிறது. உங்களுடைய பூங்கொத்தும் அவசரமான டீயும் அடுத்து வந்துவிட்டதால் விளக்க நேரம் கிடைக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. நான் ஸ்டாட்டிஸ்டிக்ஸில் பட்டம் வாங்கிவிட்டு மேலப்புதூரில் வீட்டோடு இருந்தேன். எங்கள் கத்தோலிக்கக் குடும்பங்களில் படித்த பெண் டீச்சர் ஆகலாம், இல்லாவிட்டால் கன்னியாஸ்திரி ஆகலாம். இரண்டுக்கும் வேண்டிய பொறுமை என்னிடம் இல்லை என்று எங்கள் பங்குச் சாமியாரே அப்பாவிடம் சொல்லியிருந்தார். அப்போதுதான் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம், பாத்திரக் கடை மாடியில் ஒரு போர்டைப் பார்த்தேன். மருத்துவக் கம்ப்யூட்டர் டிப்ளமா, ஒரே வருடத்தில் பாதி டாக்டர், பாதி இன்ஜினீயர் என்று எழுதியிருந்தது. சேர்ந்துவிட்டேன். எந்த நோயாளிக்குப் பாதி டாக்டர் போதும் என்று கேட்க அன்றைக்குத் தோன்றவில்லை.

பிரின்சிபால் அதற்கு முன் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தியவர். காலம் மாறுகிறது என்று மோப்பம் பிடித்து போர்டை மாற்றியவர். உடற்கூறு பாடத்துக்கு ஓய்வுபெற்ற கால்நடை டாக்டர் ஒருவர் வந்தார். நன்றாகத்தான் நடத்தினார், வாலைப் பற்றி மட்டும் எங்களுக்குச் சொல்லாமல் விட்டுவிட்டார். அவர் வராத நாட்களில் பிரின்சிபாலே வகுப்பெடுப்பார். "ஹார்ட்டுன்னா ஒண்ணும் இல்ல. நாலு ரூம். ஒரு பக்கமா வருது, இன்னொரு பக்கமா போகுது. எழுதிக்குங்க" என்பார். நாங்களும் எழுதிக்கொள்வோம்.

கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. கண்ணாடி அறையில், ஏசி போட்டு, மேலே வெல்வெட் துணி போர்த்தி வைத்திருந்தார்கள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வரிசையாகப் போய்ப் பார்க்க வேண்டும். வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் பெருமாளைச் சேவிப்பது மாதிரிதான். கண்ணை நன்றாகத் திறப்பதற்குள் "நகருங்க, நகருங்க" என்று பின்னாலிருந்து தள்ளுவார்கள். கீபோர்டை அட்டையில் வரைந்து கொடுத்திருந்தார்கள். வீட்டில் அதன் மேல் தட்டிப் பழகினேன். என் தம்பி வருகிறவர்களிடமெல்லாம் அக்காவுக்கு மூளை பிசகிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

எங்கள் வகுப்பில் உண்மையாகவே கம்ப்யூட்டரைத் தொட்டவன் ரங்கராஜன் ஒருவன்தான். நாங்கள் ரங்கு என்போம். ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதிப் பையன், அப்பா கோயில் கைங்கர்யத்தில் இருந்தவர். பிரின்சிபாலுக்கு அந்த மெஷினைக் கண்டால் பயம், அதனால் அதைத் திறக்க, மூட, திட்ட எல்லாவற்றுக்கும் ரங்குதான். பிரின்சிபாலின் மைத்துனருக்குச் சமயபுரத்தில் ஒரு லாட்ஜ் இருந்தது. எந்த ரூமில் யார் இருக்கிறார், எது காலி என்று காட்டும் ஒரு புரோகிராமை ரங்கு அந்த லாட்ஜுக்கு எழுதிக் கொடுத்திருந்தான். மிக அழகாக வேலை செய்தது. விருந்தாளி சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது 'தேங்க் யூ, விசிட் அகெய்ன்' என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஒரு தாள் அடித்துக் கொடுக்கும்.

இந்த நேரத்தில் ஸ்ரீரங்கத்தில் ஒரு அறக்கட்டளை ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் வேண்டும் என்று கேட்டது. நோயாளிகளுக்கு வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, சேர்மனுக்கு வேண்டும். பெரிய கடைத்தெருவில் மொத்த வியாபாரம் செய்தவர், மதுரையில் ஏதோ ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்திருந்தார். பிரின்சிபால் ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை.

"லாட்ஜ்லயும் கட்டில், ஆஸ்பத்திரியிலயும் கட்டில். ஆள் வர்றாங்க, படுக்கறாங்க, போறாங்க. என்னப்பா பெரிய வித்தியாசம்?" என்றார்.

ரங்கு ஒரே மத்தியானத்தில் 'கெஸ்ட்' என்று இருந்த இடத்தில் 'பேஷன்ட்' என்றும், 'ரூம்' என்று இருந்த இடத்தில் 'பெட்' என்றும் மாற்றினான். லாட்ஜில் ஒரு நாள் முடிந்தால் ரூம் தானாகவே காலியாகிவிடும். அதை மட்டும் எடுத்துவிட்டு, நோயாளி கவுன்ட்டரில் வந்து கிளம்புகிறேன் என்று சொன்ன பிறகுதான் பெயரை எடுக்க வேண்டும் என்று வைத்தான். இன்று நீங்கள் இதைத்தான் வேறு துறையின் தீர்வைத் தழுவி எடுப்பது என்று பெரிய பெரிய வார்த்தையில் ஸ்லைடு போட்டுக் காட்டுகிறீர்கள். காட்டுங்கள், எனக்கு ஒன்றும் ஆட்சேபணை இல்லை. ஸ்லைடுக்கு நடுவில் ஒரு தடவை வார்டுக்கும் போய்விட்டு வந்தால் நல்லது.

வார்டுக்குப் போகிற வேலை எனக்கு வாய்த்தது. அதுதான் என் ப்ராஜெக்ட். தினமும் காலையில் சத்திரத்தில் பஸ் ஏறி, காவிரிப் பாலம் தாண்டி, ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து, நோயாளிகள் எப்படி வருகிறார்கள், எப்படிப் போகிறார்கள் என்று பார்க்க வேண்டும். வருவதைப் பார்த்துவிட்டேன், சத்தமும் கூட்டமுமாக வந்தார்கள். போவதைத்தான் பார்க்க முடியவில்லை. காலையில் இருந்தவர் மத்தியானம் இருக்க மாட்டார், போர்வை மடித்து வைத்திருக்கும்.

ஒரு நாள் பிடித்துவிட்டேன். ஒரு பெரியவரும் அவர் மனைவியும் பையைத் தூக்கிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், பக்கவாட்டுக் கதவு வழியாக நகர்ந்துகொண்டிருந்தார்கள். நான் ஓடிப்போய், "கிளம்பிட்டீங்களா மாமி?" என்றேன்.

அந்த அம்மாள் என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தார். "ஏன்டிம்மா, நன்னா படிச்ச பொண்ணா இருக்கே. ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுண்டு இப்படியா கேப்பா? நான் என்ன பதில் சொல்றது, போயிட்டு வரேன்னா?"

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டிலும் அதேதான். எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் போயிட்டு வரேன் என்று சொல்கிறோம். இழவு வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் மட்டும் சொல்ல மாட்டோம், அந்த இடத்துக்கு மறுபடி வருவானேன்? அதனால் முதல் நாள் சாயங்காலமே பணத்தைக் கட்டிவிட்டு, மறுநாள் ராகுகாலம் இல்லாத நேரம் பார்த்து, ஒருவரிடமும் சொல்லாமல் கிளம்பிவிடுவார்கள். பணம் வாங்கும் கேஷியருக்குத் தெரியும். அவருக்கு ஏசி ஒத்துக்கொள்ளாது, சைனஸ் என்று சொல்லிக் கம்ப்யூட்டர் இருந்த பக்கமே வர மறுத்துவிட்டார்.

பிரின்சிபாலிடம் போய்ச் சொன்னேன். "ஜனங்க யாரும் கவுன்ட்டருக்கு வந்து சொல்ல மாட்டாங்க சார். பேரு எல்லாம் அப்படியே நின்னுடும்."

"சொல்லணும்மா. கம்ப்யூட்டர் வந்தாச்சு, பழக்கத்தை மாத்திக்கிட்டுத்தான் ஆகணும்" என்றார்.

ரங்குவிடம் எனக்குக் கோபமே வந்தது. இவன் அந்த ஊரிலேயே பிறந்தவன். "ஏன்டா, உனக்குத் தெரியாதா இது?" என்றேன்.

"தெரியும். போன வருஷம் அப்பாவ ஆஸ்பத்திரிலேர்ந்து கூட்டிண்டு வந்தப்போ நான்தான் யார்கிட்டயும் சொல்லாதேங்கோன்னு கையப் பிடிச்சு இழுத்துண்டு வந்தேன். புரோகிராம் எழுதறச்சே அது ஞாபகத்துக்கே வரலை" என்றான்.

இதை ரங்குவைக் கேலி செய்வதற்காகச் சொல்லவில்லை. நாற்பது பேர் அறையில் உட்கார்ந்து இப்போதும் நீங்கள் அதைத்தான் செய்கிறீர்கள். ஏசி அறைக்குள் நுழையும்போது செருப்போடு சேர்த்து, பிறந்ததிலிருந்து தெரிந்த விஷயங்களையும் வெளியே கழற்றி வைத்துவிடுகிறோம்.

திறப்பு விழா அன்று காலை. பல நாட்களாக வெள்ளோட்டத்துக்கென்று வருகிறவர்கள் பெயரைக் கம்ப்யூட்டரிலும் ஏற்றியிருந்தோம், அதுவரை நிஜமான சேர்க்கை எல்லாம் பழைய ரிஜிஸ்டரில்தான். அன்றைக்கு சேர்மன் ரிஜிஸ்டரை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தேங்காய் உடைத்து, திரைக்குச் சந்தனப் பொட்டு வைத்து, ரங்கு பொத்தானை அழுத்தினான். எல்லாப் படுக்கையும் நிரம்பியிருப்பதாகத் திரை காட்டியது.

"ஹவுஸ் ஃபுல்!" என்றார் சேர்மன், சினிமாக் கொட்டகைக்காரர் மாதிரி. பிரின்சிபால் கைதட்டினார்.

அடுத்து வந்தது அஷ்டமி, நவமி. அதற்கு முன்னாலேயே போய்விட வேண்டும் என்று முந்தின நாளே பாதிப் பேர் வீட்டுக்குப் போயிருந்தார்கள். அவர்கள் எல்லோரும் திரையில் சுகமாகப் படுத்திருந்தார்கள். அவர்களோடு படுத்திருந்த இன்னொருவர் முந்தின வாரமே இறந்துவிட்டார் என்று எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அவரும் கவுன்ட்டருக்கு வந்து சொல்லவில்லை.

அப்போதுதான் ஒரு வேன் வந்து நின்றது. மருங்காபுரிப் பக்கத்து விவசாயி, பெயர் கருப்பையா, மனைவி செல்லம்மாவைக் கைத்தாங்கலாக இறக்கினார். சமயபுரத்தில் பூச்சொரிதல் திருவிழாவுக்கு வந்த இடத்தில், கூட்டத்திலும் புகையிலும் அந்த அம்மாளுக்கு ஆஸ்துமா கண்டுவிட்டது. கொள்ளிடம் பாலத்தைத் தாண்டினால் பக்கம் என்று எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருந்தார்கள். உதடு நீலமாக இருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்து உள்ளே போய் வந்தது. பேச்சு வரவில்லை, புருஷனுடைய சட்டையை மட்டும் இறுக்கிப் பிடித்திருந்தார்.

டியூட்டி டாக்டர் சின்ன வயசுக்காரர், ஓடி வந்து ஊசி போட்டார். "ஆக்சிஜன் உடனே வேணும். பெட் போடுங்க" என்றார். ஸ்டோரில் சிலிண்டர் இருந்தது. ஆனால் கம்ப்யூட்டர் அடித்த சேர்க்கைச் சீட்டு இல்லாமல் ஸ்டோரிலிருந்து பஞ்சுகூட வெளியே போகக் கூடாது என்று அன்று காலைதான் சேர்மன் உத்தரவு போட்டிருந்தார். ஸ்டோர்காரர் கதவை அடைத்துக்கொண்டு நின்றார். ரங்கு பெயரைத் தட்டினான். காலி இல்லை, சீட்டு தர முடியாது என்றது திரை.

தலைமை நர்ஸ் வார்டிலிருந்து கத்திக்கொண்டே வந்தார். அவர் கத்தாமல் பேசி நான் கேட்டதில்லை. "பாதி வார்டு காலியா கிடக்கு! கண்ணு அவிஞ்சு போச்சா எல்லாருக்கும்?"

சேர்மன் திரையைக் காட்டினார். "இதுல இல்லையேம்மா."

பிரின்சிபால் கருப்பையாவின் தோளில் கை வைத்தார். "கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுங்க. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடுங்க, டவுன்ல இருக்கு."

"சமயபுரத்துல லாட்ஜ்லகூட இடம் இருக்கு வாங்கன்னாங்க சார்" என்றார் கருப்பையா. "ஆஸ்பத்திரியில இல்லங்கறீங்களே."

அந்த லாட்ஜ் யாருடையது என்று பிரின்சிபாலுக்குத் தெரியும். எனக்கும் ரங்குவுக்கும் தெரியும்.

படித்தவர்கள் அத்தனை பேரும் அங்கே நின்றோம். அவ்வளவு பேருக்கும் காலிப் படுக்கை கண்ணில் படுகிறது, மூச்சுக்குத் தவிக்கிற பெண் கண்ணில் படுகிறாள், ஆனால் பார்ப்பது திரையைத்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பெட்டியைத் தூக்கிக் கொள்ளிடத்தில் போட்டிருப்பேன். அதற்கு நேரம் இல்லை. ரங்குவிடம் போய், "யாராவது ஒருத்தரைக் காலி பண்ணு" என்றேன்.

அவன் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டான். "வார்டுல பெட்டை மாத்தி மாத்திப் படுக்க வெச்சிருக்கா, யார் போனா, யார் இருக்கான்னு நேக்கு எப்படித் தெரியும்? இருக்கறவாளை எடுத்துட்டேன்னா அவாளுக்கு மருந்து, சாப்பாடு எல்லாம் நின்னுடும். இன்னொரு உசிருக்கு யார் பதில் சொல்றது?"

அவன் சொன்னது நியாயம். அந்தப் பதற்றத்திலும் அதை யோசித்தான் பாருங்கள், அதனால்தான் அவன் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை. யாரை எடுத்தால் யாருக்கும் கெடுதல் வராது? வார்டிலே தினமும் உட்கார்ந்த எனக்குப் பதில் தெரிந்திருந்தது. சேர்மனுடைய மாமியார் ஸ்பெஷல் ரூமில் இருந்தார். உடம்புக்கு ஒன்றும் இல்லை. மருமகனோடு பேச்சுவார்த்தை கிடையாது, அதனால் வீட்டில் இருக்கப் பிடிக்காமல் இங்கே ஓய்வு. மருந்து எதுவும் இல்லை, சாப்பாடும் வீட்டிலிருந்து கேரியரில் வந்துவிடும்.

"ஸ்பெஷல் ரூம்" என்றேன்.

ரங்கு என்னைப் பார்த்தான். சேர்மனைப் பார்த்தான். பிறகு அழுத்திவிட்டான். பிரின்டர் கரகரவென்று இரண்டு தாள் அடித்தது. ஒன்று செல்லம்மாவின் சேர்க்கைச் சீட்டு. அதை நான் பிடுங்கிக்கொண்டு ஸ்டோருக்கு ஓடினேன். சீட்டில் ஸ்பெஷல் ரூம் என்று இருந்தது, படுக்க வைத்தது பொது வார்டில், ஸ்டோர்காரருக்குச் சீட்டுதான் முக்கியம். தலைமை நர்ஸ் சிலிண்டரைத் தானே உருட்டிக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் உதட்டின் நீலம் குறைந்தது. செல்லம்மா புருஷனுடைய சட்டையை விட்டார். கருப்பையா தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

இரண்டாவது தாளை யாரும் கவனிக்கவில்லை. கடமை தவறாத வார்டு பாய் ஒருவர் அதைக் கொண்டுபோய் ஸ்பெஷல் ரூமில் கொடுத்துவிட்டார். அந்த அம்மாள் ஆங்கிலம் படித்தவர். தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வராந்தா முழுக்க நடந்து வந்து, வருடக்கணக்காகப் பேசாத மருமகன் முன்னால் நின்றார்.

"மாப்பிள்ளை, என்னைப் போகச் சொன்னீங்க, சரி. ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வேற வரணுமா? அவ்வளவு ஆசையா உங்களுக்கு?"

சேர்மன் தாளை வாங்கிப் படித்தார். நன்றி, மீண்டும் வருக. அவர் முகம் அதுவரை நான் பார்க்காத நிறத்துக்குப் போனது.

மத்தியானம் கூட்டம் போட்டார்கள். ஒரு பெண்ணை மூச்சுத் திணறலோடு வாசலில் நிறுத்தி வைத்தது பற்றிப் பேசுவார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன். இப்போது நீங்கள் சிரித்துக்கொள்ளலாம். கூட்டம் முழுக்க அந்த ஒரு வரியைப் பற்றித்தான் நடந்தது. ஆஸ்பத்திரியில் இப்படி அச்சடிக்கலாமா, என்ன அபசகுனம், இதற்கு யார் பொறுப்பு. படுக்கைக் கணக்கு தப்பாக இருப்பதை நான் சொன்னேன். அதைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். ஸ்பெஷல் ரூமைக் காலி பண்ணச் சொன்னது நான்தான் என்றும் எழுந்து சொன்னேன். சேர்மன் என் பக்கம் திரும்பவே இல்லை. "பொம்பளப் புள்ள சொன்னா கேட்டுடுவியா? உனக்குன்னு புத்தி இல்லையா?" என்று ரங்குவைத்தான் கேட்டார். தண்டனை பெறுவதற்குக்கூட எனக்குத் தகுதி இல்லை என்று தீர்மானித்துவிட்டார்கள்.

அந்த வரியை அன்றைக்கே எடுத்தார்கள். ரங்குவையும் அன்றைக்கே எடுத்தார்கள். பிரின்சிபால் அவனைப் பரீட்சை எழுத விடவில்லை. அவன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான். வருடக் கடைசியில் வந்த கேள்வித்தாளில், மருத்துவமனைப் படுக்கை நிர்வாகத்தில் கம்ப்யூட்டரின் நன்மைகளை விவரி என்று ஒரு கேள்வி இருந்தது. நடந்ததை அப்படியே எழுதினேன். கேட்டதற்கு மட்டும் பதில் எழுதவும் என்று சிவப்பு மையில் திருத்தி வந்தது. ஆனாலும் பாஸ். அந்தச் சான்றிதழைக் காட்டித்தான் இந்தத் துறையில் முதல் வேலை வாங்கினேன், உங்களுக்கெல்லாம் மேடம் ஆனேன்.

அந்தப் பரீட்சைக்கெல்லாம் முன்னால், செல்லம்மா குணமாகிக் கிளம்பிய நாளைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும். ரங்கு போன பிறகு கவுன்ட்டரில் நான் உட்கார்ந்திருந்தேன். செல்லம்மா நேரம் பார்த்து, பையோடு, யாரையும் பார்க்காமல் பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய்விட்டார். கேட்டுக்கு வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். எல்லோரும் போகிற மாதிரி இவர்களும் போய்விட்டார்கள் என்று நினைத்தேன். அப்போது கருப்பையா மட்டும் திரும்பி உள்ளே வந்தார். கவுன்ட்டர் முன்னால் நின்று துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"ஆஸ்பத்திரியில சொல்லிட்டுப் போகக் கூடாதும்மா. எங்க ஊர்லயும் அப்படித்தான். அவளுக்குத் தெரிஞ்சா என்னை உண்டு இல்லன்னு ஆக்கிடுவா" என்றார், வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டே.

"பரவாயில்லைங்க, நீங்க கிளம்புங்க" என்றேன்.

"இல்லம்மா. அன்னிக்கு அந்தப் பொட்டியில பேரு நின்னதாலதான எங்களுக்கு இடம் இல்லன்னீங்க? நானும் சொல்லாமப் போனா, அடுத்து ஒருத்தன் பொண்டாட்டியத் தூக்கிக்கிட்டு வந்து இதே இடத்துல நிப்பான். சாமி கோவிச்சுக்கிட்டா நான் பாத்துக்கறேன். நாங்க போறோம்மா. பேரை எடுத்துடுங்க."

நான் பொத்தானை அழுத்தினேன். நிரம்பி வழிந்த அந்தத் திரையில் முதல் தடவையாக, ஒருவர் தானாக வந்து சொல்லி, ஒரு படுக்கை காலி என்று வந்தது. அவர் எட்டிப் பார்த்துச் சரிபார்த்துக்கொண்டார். பிறகு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.